சீர் சுமக்கும் டாங்கி

"அழுவாத அம்மிணி. கலியாணமாகி ஒரு வருசம் ஆவல. நீ இங்க நின்னு அழுதா, பாக்கறவிய உன்ற புருசன் அடிச்சுப்போட்டான்னு நெனைப்பாங்க."

"நெனைச்சுட்டுப் போவட்டும். நீ எங்க போறேன்னாவது சொல்லிப்போட்டுப் போண்ணா."

"மொதல்ல கம்பம்மெட்டு. அவ ஊட்டுல கொஞ்ச நாளு. பொறகு கப்பல்ல வேலை கெடைக்குமாட்ட இருக்குது. கப்பல்ல ஏறிப்போட்டா அப்பா போடற சத்தம் காதுல உழுகாது பாரு."

"வெளையாடாதண்ணா. நாளைக்கு எனக்கொரு கொழந்தை பொறந்தா, காது குத்தறதுக்கு ஆரு மடியில உக்கார வெக்கறது?"

"என்ற மடியிலதான். வேற எவன் மடியிலயாவது உக்கார வெச்சயின்னா, வந்து அந்த ஊசியப் புடுங்கி அவன் காதுல குத்திப்போடுவேன்."

"நெசமா வருவயா?"

"கடலுக்கு அக்கட்ட இருந்தாலும் வருவேன். நாள் வெச்சாச்சுன்னு சேதி எட்டுனாப் போதும். நீயே வாயத் தொறந்து வராதேன்னு சொன்னாத்தான் வராம இருப்பேன்."

வேலந்தாவளம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றபடி அண்ணன் ஆறுச்சாமியும் தங்கை கமலாத்தாளும் பேசிக்கொண்ட பேச்சு அது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடிவிட்டது. எழுபத்தேழாம் வருஷத்துப் பங்குனி மாதத்தில், மகளுக்குக் காது குத்த நாள் வைத்த வீட்டில், அரிசி புடைக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் கமலாத்தாள் அந்தப் பேச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய குரல்கூட மாறாமல் அப்படியே இருந்தது.

ஆறுச்சாமி செய்த குற்றம் ஒன்றுதான். ஏலக்காய் லாரியோடு கம்பம்மெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தவன், அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண் மதலேனம்மாளைக் கட்டிக்கொண்டான். வடகரப்பதியில் பெரிய தோட்டக்காரரான அப்பா குப்பண்ணன், பங்காளிகள் அத்தனை பேரையும் வாசலில் கூட்டி உட்கார வைத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"அவனுக்கு இந்த ஊட்டுல எலை கெடையாது. அவன் கையால வர்ற பண்டத்தை நம்ம பங்காளிக ஒருத்தரும் கையில தொடக்கூடாது."

அன்றைக்கு விழுந்த கதவு அதற்குப் பிறகு திறக்கவில்லை. அண்ணன் மனைவியின் முகத்தைக் கமலாத்தாள் பார்த்ததே இல்லை. ஒரு தடவையாவது 'நங்கையா' என்று அவளை வாய் நிறையக் கூப்பிட வேண்டும் என்று ஆசை. அதற்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ முறை நாக்கு நுனி வரை கொண்டுவந்திருக்கிறாள். அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போடும் சத்தத்திலேயே அது உள்ளே ஓடிவிடும்.

மாசி முடியும்போது பொள்ளாச்சிக்காரர் ஒருவர், ஆறுச்சாமியோடு கப்பலில் வேலை பார்ப்பவர், ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "லீவு கெடைச்சுருச்சுங்க. கொஞ்ச நாள்ல ஊருக்கு வந்துருவாப்பல. காது குத்துக்குக் கட்டாயம் வருவேன்னு சொல்லச் சொன்னாருங்க. இது பாப்பாவுக்கு. ஜப்பான்ல வாங்குனது" என்றார்.

பெட்டிக்குள் ஒரு டாங்கி இருந்தது. முழங்கையளவு நீளம், கரும்பச்சை நிறம், இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை, மேலே சுழலும் பீரங்கி. கூடவே ஏரியல் நீட்டிய ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. அதிலிருக்கிற குச்சியைத் தள்ளினால், கம்பி எதுவும் இல்லாமலே டாங்கி முன்னால் போகும், திரும்பும், பின்னால் வரும். கமலாத்தாளின் கணவன் செங்கோட்டையன் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கடையையே திறக்கவில்லை.

கடை என்றால், வீட்டை ஒட்டிய சாய்ப்பில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. கரண்டு குறைந்து வந்தால் தோட்டத்து மோட்டார்கள் எரியும். எரிந்ததெல்லாம் செங்கோட்டையனிடம் வரும். கோபப்படத் தெரியாத மனுஷன். கட்டின நாளிலிருந்து மனைவியைக் கமலம் என்றுதான் கூப்பிடுவான். ஆறுச்சாமியைப் பற்றி அவள் மனசு விட்டுப் பேசுகிற ஒரே ஆளும் அவன்தான்.

டாங்கியில் சீரைக் கொண்டுவரலாம் என்று முதலில் சொன்னதும் அவன்தான். குப்பண்ணன் நாள் குறித்ததைப் பற்றிப் பேச வந்திருந்தார். வாசலில் டாங்கி பாப்பாவின் மரப்பாச்சியைச் சுமந்துகொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. கமலாத்தாள் அடுப்படியில் காப்பிக்குத் தண்ணி வைத்தபடி காதை வெளியே வைத்திருந்தாள்.

"மாமா, தாய்மாமன் சீரு இல்லாமக் காது குத்துனா ஊரு என்ன பேசும்னு உங்களுக்கே தெரியுமுங்க" என்றான் செங்கோட்டையன்.

"சின்னையன் இருக்கறான். பங்காளி மவந்தானே. அவனும் மாமன் மொறைதான்."

"இருக்கறாப்பல. ஆனா கூடப்பொறந்தவரு சீரு வேற மாதிரிங்க. பங்காளிக கையில தொடக்கூடாதுன்னுதானுங்க நீங்க சொன்னது? கையே படாம வந்துட்டா?"

"கை படாம எப்படிடா மாப்ளை வரும்? பறந்து வருமா?"

"அதா, சுத்திட்டிருக்குது பாருங்க."

டாங்கி உறுமிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு குப்பண்ணன் தொண்டையைச் செருமினார். "பீரங்கி வண்டியில சீரா. நல்லாயிருக்குது உங்க கூத்து. கை படாம வந்தா நான் என்னத்தச் சொல்றது."

அடுப்படியில் பால் பொங்கி வழிந்ததைக் கமலாத்தாள் பார்க்கவே இல்லை. சீருக்கு வழி விட்டுவிட்டால், பிறகு சீரோடு வருகிற ஆளை எங்கே நிறுத்த முடியும்? கோயில் வாசலில் டாங்கி முன்னால் ஊர்ந்து வர, அதற்குப் பின்னால் ரேடியோப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அண்ணன் சிரித்துக்கொண்டே நடந்து வருவதை அவள் அப்போதே பார்த்துவிட்டாள்.

"அப்ப அண்ணன் வரலாமுங்களா?" என்று கணவனிடம் கிசுகிசுத்தாள்.

"மொதல்ல சீரு வரட்டும் கமலம். எல்லாம் ஒண்ணொண்ணா நடக்கும்" என்றான் அவன்.

அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

சீர்த்தட்டு மரப்பாச்சி மாதிரி லேசானதல்ல. பித்தளைத் தாம்பாளம், அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப்பாவாடைத் துணி, பாப்பாவுக்குப் போடுகிற தோடு. துணியும் தோடும் அண்ணன் கொண்டுவர வேண்டியவை. மற்றதை ஏற்றி முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது, டாங்கி நாலு முழம் போவதற்குள் அடிவயிற்றில் 'டொக்' என்று ஒரு சத்தம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. செங்கோட்டையன் கவிழ்த்துப் பார்த்தான். மோட்டாரைத் தாங்குகிற திருகாணி இருக்கிற இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து, அதிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி ஓரம் வரை வந்திருந்தது.

"இந்த அடிவயிறு பொம்மைக்கு ஊத்துன பிளாஸ்டிக் தொட்டி. சீர்த்தட்டுக்கு எங்க தாங்கும்" என்றான். "ஒண்ணும் கவலப்படாத. மோட்டாருக்கு அடிக்கற வார்னிஷ் ரெண்டு கோட்டு உள்ள அடிச்சு, பல்பு போட்டு வெச்சா, காலையில கல்லாட்ட ஆயிரும்."

காயிலைக் கட்டி வார்னிஷில் முக்கி, பெரிய பல்பின் சூட்டில் காய வைத்துப் பழகிய கை. செம்புக் கம்பிக்கு நல்லது பிளாஸ்டிக்குக்கும் நல்லது என்று நினைத்துவிட்டது. காலையில் பல்பு எரிந்த பெட்டியைத் திறந்தால் டாங்கியின் வயிறு வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. வார்னிஷ் பிளாஸ்டிக்கைத் தின்றிருந்தது. மிச்சத்தைப் பல்பு பார்த்துக்கொண்டது.

கமலாத்தாள் முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"சிரி, சிரி. கர்ப்பமான டாங்கி இந்த ஊருல நம்மகிட்டத்தான் இருக்குது."

"பிரசவத்துக்கு எங்க கூட்டிட்டுப் போறதுங்க, பாலக்காட்டு ஆசுபத்திரிக்கா?"

"உன்ற அண்ணன் வந்தான்னா என்னைத்தான் ஆசுபத்திரிக்கு அனுப்புவான்."

பிறகு அவன் நிதானமாக வேலையைத் தொடங்கினான். கோயமுத்தூருக்கு ஒரு நாள் போய், காயிலுக்குச் சுற்றுகிற கண்ணாடி நாடாவும், இரண்டு குழாயாக வருகிற ஒட்டுப்பசையும் வாங்கி வந்தான். போய் வந்த அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்றான். அவளும் மோர் கரைத்துக் கொடுத்ததோடு விட்டுவிட்டாள்.

கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மரக்கட்டையை வைத்து அழுத்தித் தொங்கிய வயிற்றை நேராக்கினார்கள். உள்பக்கம் முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வழவழப்பாக இருந்தால் பசை பிடிக்காது என்றான். அவள் சீயக்காய் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தாள். விரிசல் முடிகிற நுனியில் ஊசிமுனையளவு ஒரு துளை போட்டான்.

"ஏனுங்க, ஒடைஞ்சதுல ஓட்டை வேற போடறீங்க?"

"இல்லீனா விரிசல் ஓடிட்டே இருக்கும் கமலம். ஓட்டைக்கிட்ட வந்தா நின்னுக்கும்."

பழைய ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியை வெட்டி, ப மாதிரி மடக்கி, மோட்டாருக்கு அடியில் வைத்தான். இனி திருகாணி தகரத்தைத்தான் கடிக்கும், பிளாஸ்டிக்கை இழுக்காது. அதற்கு மேல் பசையைத் தடவி நாடாவை ஒட்ட வேண்டும். தொட்டியின் மூலைகளுக்குள் அவனுடைய தடித்த விரல்கள் நுழையவில்லை. கமலாத்தாள் விரலில் பிளாஸ்டிக் பைத்துண்டைச் சுற்றிக்கொண்டு, நாடாவை ஒவ்வொரு மூலையிலும் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி அழுத்திப் படிய வைத்தாள். ஒரு வரிசை காய்ந்ததும் குறுக்கே இன்னொரு வரிசை. இந்தத் தடவை பல்பு இல்லை, வாசல் வெயில்தான்.

"தட்டை முதுகு மேல வெக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே அவன் பீரங்கியைக் கழற்றினான். "மேல வெச்சா நடுவுல ஒடியும். எடையைச் சக்கரத்துக்கு நேரா எறக்கிவுடோணும்." இரண்டு பக்கச் சுவரின் மேலும் உட்கார்கிற மாதிரி ஒரு இரும்புச் சட்டம் செய்தான். தட்டு அதன் மேல் உட்கார்ந்தது. கீழே தொட்டி சிரமமே இல்லாமல் இருந்தது. விரலால் சுண்டினால் மண்பானை மாதிரி கணீரென்றது.

அந்த நாட்களில் கமலாத்தாளுக்குக் கணவன் மேல் அன்பு பொங்கிப் பொங்கி வந்தது. தன் மோட்டார் வேலையை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, மச்சான் வருகிற வழியைச் சரிபண்ணுகிறானே என்று நினைத்தாள். ராகிக்களி கிண்டுகிற அன்றைக்கு அவன் தட்டில் நெய்யை இரண்டு கரண்டி அதிகமாகவே விட்டாள்.

காது குத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் சின்னையன் சைக்கிளை மணியடித்துக்கொண்டு வந்து இறங்கினான். கமலாத்தாளின் சித்தப்பா மகன். வாய் ஓயாத பையன்.

"அக்கா, மச்சான் எங்கீங்க? ரேடியோப் பெட்டியைப் புடிச்சு ஓட்டிப் பழகச் சொன்னாரு."

"உன்னையா? வெளையாடறதுக்கா?"

"வெளையாட்டா? கோயில்ல ஓட்டறது நாந்தானுங்க. சீரைத்தான் தொடக்கூடாதாம், பெட்டியத் தொட்டாத் தப்பில்லைன்னு பெரியப்பா சொல்லிட்டாரு. அப்பறம் அக்கா, பாப்பாவுக்கு எந்த முட்டாயி புடிக்கும்? குத்தறப்ப என்ற மடியில இருந்து திமிறி ஓடிட்டா மானம் போயிரும். புது வேட்டி வேற எடுத்தாச்சு."

கமலாத்தாளின் கையிலிருந்த முறம் சாய்ந்தது. பச்சைப்பயறு தரையெல்லாம் ஓடியது.

"உன்ற மடியிலன்னு ஆரு சொன்னா?"

"மச்சாந்தான். போன வாரமே சொல்லிப்போட்டாரே. பெரியப்பாவும் செரீன்னுட்டாரு." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியாதுங்களாக்கா?"

"தெரியும். நீ போயிட்டுச் சாயங்காலம் வா."

"பயறைப் பொறுக்கித் தரட்டுங்களா?"

"போடா சின்னையா."

சாய்ப்பில் செங்கோட்டையன் டாங்கிக்குப் புது பேட்டரிகளைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றதும் நிமிர்ந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எங்கண்ணன் மடி எங்கீங்க?"

அவன் டாங்கியை மேசை மேல் வைத்தான். கொஞ்ச நேரம் மூடியைத் தேடுகிறவன் போல மேசையைத் தடவினான். பிறகு சொன்னான். "உங்கப்பா ஒத்துக்கிட்டது சீருக்கு மட்டுந்தான் கமலம். ஆளு வந்தா ஒரு பங்காளி கோயில் வாசப்படி ஏறமாட்டான். உங்கப்பா வரமாட்டாரு. ஒறம்பரை சனம் இல்லாம, அப்பன் இல்லாம, பாப்பாவ வெச்சுக்கிட்டு நீ நடுவுல நின்னு அழுவ. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொன்னா நீ ஒத்துக்கமாட்ட."

"ஒத்துக்கமாட்டேன்னு தெரிஞ்சுதான் செஞ்சீங்க." அவள் குரல் உயரவில்லை. "எங்கண்ணன் அப்படியெல்லாம் வராம இருக்கற ஆளில்ல. எப்படித் தடுத்தீங்க?"

அவன் நகத்தில் ஒட்டிக்கிடந்த பசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி நாடா வாங்கக் கோயமுத்தூர் போனேனே, அன்னிக்கு உக்கடத்துல பாத்தேன். வரச்சொல்லிச் சேதி அனுப்பியிருந்தேன். தோட்டை அவந்தான் கொண்டாந்து குடுத்தான்."

"என்ன சொல்லித் தடுத்தீங்க?"

"நீ சொன்னதாச் சொன்னேன்."

"என்னன்னு?"

"வர வேண்டாம், அப்பா மனசு நோகும், சீரு மட்டும் போதும்னு கமலம் சொல்லச் சொன்னான்னு."

வெளியே எவனோ மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"அவளே சொன்னாளான்னு கேட்டான். ஆமான்னேன். மறுபடியும் கேட்டான். மதலேனம்மாளும் கூட வந்திருந்தா. பாப்பாவுக்குன்னு பாவாடையில பூ தெச்சுக் கொண்டாந்திருந்தா. ரெண்டு பேரும் சாயாகூடக் குடிக்காம கம்பம் பஸ்ஸுல ஏறிட்டாங்க."

கமலாத்தாள் மேசை மேலிருந்த டாங்கியைப் பார்த்தாள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நாடா பளபளத்தது. மூலைகளில் அவளுடைய விரல் அழுத்திய தடம் இன்னும் இருந்தது. அண்ணன் நடந்து வருகிற வழியைப் போடுகிறோம் என்று நம்பி அழுத்தியது. இந்த வண்டி எவ்வளவுக்கெவ்வளவு உறுதியாகிறதோ, அவ்வளவுக்கு அண்ணன் வரத் தேவையில்லாமல் போகிறான் என்பது தெரியாமல், ஒரு குமிழ்கூட விடாமல் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறாள். இவனும் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க இன்னும் கொஞ்சம் அமுத்து கமலம்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

ஊர் முழுக்கக் கதவைச் சாத்தியபோதுகூட அவளுக்கு இப்படி இல்லை. இவனிடம்தானே அவள் தாழ்ப்பாள் போடாமல் இருந்தாள்.

"உனக்கு நல்லதுன்னுதான்..." என்றான்.

"எனக்கு நல்லதை என்ற வாயாலயே சொல்லியிருக்கீங்க. எனக்குத்தான் தெரியல." கண் எரிந்தது. அழுகை வரவில்லை. "அடிச்சிருந்தாக்கூட ஆறிப்போயிருக்குமுங்க."

அவன் எழுந்து ஒரு அடி முன்னால் வந்தான். அவள் கதவோரம் ஒதுங்கிக்கொண்டாள். அப்படி ஒதுங்கியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

பகலெல்லாம் அவள் வேலைகளைச் செய்தாள். பயறைப் பொறுக்கினாள். பாப்பாவுக்குத் தலை வாரினாள். கம்பம்மெட்டு மலையில் ஏதோ ஒரு வீட்டில் அண்ணன் இந்நேரம் என்ன நினைத்துக்கொண்டிருப்பான் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் கை நின்றது. வராதே என்று அவள் சொல்லவில்லை. ஆனால் வா என்றும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஆளாளுக்குப் பேசினார்கள். அப்பா கோபமாகப் பேசினார். கணவன் பிரியமாகப் பேசினான். அது உறைத்தபோது சீப்பு பாப்பாவின் முடியில் சிக்கி, பாப்பா 'ஸ்ஸ்' என்றாள்.

சாயங்காலம் குப்பண்ணன் வந்தார். கோயிலில் நடக்கப்போவதை முன்கூட்டி ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். சின்னையன் ரேடியோப் பெட்டியோடு தயாராக நின்றான். காலையில் நடந்தது அவன் முகத்தில் இருந்தது. அவன் கமலாத்தாளைப் பார்ப்பதைத் தவிர்த்தான். செங்கோட்டையன் டாங்கியைக் கொண்டுவந்து தெருவோரம் வைத்து, அதன் மேல் நிறைத் தாம்பாளத்தை ஏற்றினான்.

"ஓட்றா பாக்கலாம்" என்றார் குப்பண்ணன்.

டாங்கி உறுமிக்கொண்டு கிளம்பியது. வாசல் மேட்டில் மூக்கைத் தூக்கி ஏறியது. தேங்காய் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. ஒரு முனகல் இல்லை, வளைவு இல்லை. நேராக வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துக் கை தட்டினார்கள்.

"செரியான வேலைடா மாப்ளை" என்றார் குப்பண்ணன். பிறகு குனிந்தார். தட்டைத் தொடவில்லை. கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, டாங்கியின் சக்கரங்களை, சங்கிலிப் பட்டையை, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்ன நம்பரை ரொம்ப நேரம் பார்த்தார். பாவாடைத் துணியின் ஓரத்தில் தைத்திருந்த நீலப் பூக்கள் தட்டிலிருந்து கொஞ்சம் வெளியே தொங்கின. அவர் பார்வை அங்கே போய் நின்றது.

"இது ஆரு தெச்சது?"

செங்கோட்டையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கப்பல்ல அவனுக்கு என்ன சோலியாம்?" என்றார் குப்பண்ணன், யாரையும் பார்க்காமல்.

ஆறு வருஷத்தில் மகனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டது தப்போ என்பது போல உடனே நிமிர்ந்து, "செரி, செரி. இருட்டறதுக்குள்ள நான் தோட்டத்துக்குப் போகோணும். சின்னையா, அன்னிக்கு வெள்ளனே குளிச்சுப்போட்டு வந்துரு. கொழந்தைய மடியில வெக்கறப்ப..." என்று எழுந்தார்.

கமலாத்தாள் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். அப்பாவுக்கும் தெருவுக்கும் நடுவில் போய் நின்றாள். செங்கோட்டையன் "கமலம்" என்றான் மெதுவாக. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பாப்பாவ நான் சின்னையன் மடியில உக்கார வெக்க மாட்டனுங்கப்பா."

"என்ன அம்மிணி பேசற? நாள் வெச்சாச்சு. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு."

"எங்கண்ணனை வர வேண்டாம்னு நான் சொன்னதா அவனுக்குச் சேதி போயிருக்குது. நான் சொல்லலீங்க. ஒரு நாளும் சொல்லலீங்க. வந்தா உங்க மனசு நோகும்னு அவன் நம்பிட்டுப் போயிட்டான். இனி நான் கூப்பிட்டா வரமாட்டான். இவிய போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டான்."

குப்பண்ணன் மருமகனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார். அந்தச் சத்தம் கேட்டது. அவள் நாக்கு இந்தத் தடவை உள்ளே ஓடவில்லை.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டுங்கற?"

கமலாத்தாள் பாப்பாவை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தெருவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நாளைக்கு மொதப் பஸ்ஸுக்கு நீங்க கம்பம்மெட்டுக்குப் போகோணுமுங்கப்பா. அவிய ஊட்டு வாசல்ல நின்னு, வெத்தலை பாக்கு வெச்சு, எங்கண்ணனையும் எங்க நங்கையாளையும் நீங்களே உங்க வாயால கூப்பிட்டுக் கூட்டிட்டு வாங்க."